கைலாகு

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகில் ஒருவரும் தனியாக ஏறுவதில்லை. படகின் விளிம்புக்கும் சீமெந்துக் கரைக்கும் இடையில் தண்ணீர் திறந்து திறந்து மூடும். படகு ஒருமுறை கரையோடு ஒட்டும், அடுத்த முறை ஒரு முழம் கீழே போகும். அதனால் உள்ளே நிற்பவர் கையை நீட்டுவார். வெளியே நிற்பவர் அதைப் பற்றிக்கொள்வார். ஒரு இழுவை, ஆள் உள்ளே. இதற்குக் கைலாகு கொடுப்பது என்று பெயர். நீட்டுகிறவர் யார், பிடிக்கிறவர் யார் என்று எவரும் பார்ப்பதில்லை. ஊருக்குள் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காதவர்கள்கூட அந்த ஒரு கணத்தில் கையைக் கொடுத்து வாங்குவார்கள். காஸ் சிலிண்டர், கோழிக்கூடு, பிள்ளைத்தாய்ச்சி, புது மாப்பிள்ளை எல்லாம் அந்த வழியால்தான் தீவுக்குப் போகவேண்டும். நீட்டின கையைப் பிடிக்காமல் விடுவது அவமரியாதை. நெடுந்தீவுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுகிறார்கள்.

மனோகரி கனகசபையும் அப்படிப் பழகியவர்தான். பிறகு தன் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதியை அந்தப் பழக்கத்துக்கு எதிராகச் செலவழித்தார்.

அவர் இயன்மருத்துவப் பேராசிரியர். ஊரில் அந்தச் சொல் யாருக்கும் வாயில் வராது. "பிசியோ மிஸ்" என்பார்கள். விழுந்தவர்களை எழுப்புவது, எழும்பியவர்களை நடத்துவது, நடக்கிறவர்கள் மறுபடி விழாமல் பார்த்துக்கொள்வது அவர் தொழில். மருந்து இல்லை, ஊசி இல்லை, கத்தி இல்லை. இரண்டு கைகளும் வாயும்தான் கருவி. வாய் கொஞ்சம் கூர்மையானது.

அவருடைய தகப்பன் மாத்தறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்துத் தீவுக் குடும்பங்கள் பல அப்படித்தான், தெற்கில் கடையும் ஊரில் வீடுமாக இருந்தன. எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கடை எரிந்தது. இடுப்பெலும்பு முறிந்த தகப்பனை ஊருக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். அவர் பிறகு எழும்பவில்லை. எழும்ப ஏலாமல் இல்லை, எழும்ப விடவில்லை. மனைவி ஊட்டினார். தம்பிமார் தூக்கிக் குளிப்பாட்டினார்கள். காலைக் கீழே வைக்கப் போனால் அயலட்டை முழுவதும் ஓடிவந்து "கிடவுங்கோ, கிடவுங்கோ" என்றது. அன்பு நிறைந்த ஒரு வீட்டில் ஒரு மனிதர் கட்டிலோடு ஒட்டிப்போனதை மகள் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழும்பில் இயன்மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது தாய்க்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"மருந்து குடுக்கிறதோ பிள்ளை?"

"இல்லை அம்மா."

"ஊசி போடுறதோ?"

"இல்லை."

"பின்னை என்னத்தைத்தான் செய்யிறது?"

"நடக்க வைக்கிறது."

தகப்பன் கட்டிலில் கிடந்தபடி, "அவளைப் போக விடு" என்றார்.

போர்க் காலம் முழுவதும் மனோகரி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்தார். கால் இழந்த பிள்ளைகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் அடி வைத்தார்கள். மின்சாரம் இல்லாத நாட்களில் சைக்கிள் டியூப்பை வெட்டிப் பயிற்சிப் பட்டியாக்கினார். இடையில் இந்தியாவில் முதுகலை, பிறகு அவுஸ்திரேலியாவில் கலாநிதிப் பட்டம். அங்கேயே நில்லுங்கள் என்றார்கள். அவர் திரும்பி வந்து பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். காலையில் வகுப்பு, மத்தியானத்துக்குப் பிறகு கிளினிக். பேராசிரியரான பிறகும் கிளினிக்கை விடவில்லை.

சமாதானம் வந்த பிறகு அவரிடம் வருகிறவர்கள் மாறினார்கள். கால் இழந்த இளைஞர்கள் குறைந்து, பாரிசவாதத்தில் உடம்பின் ஒரு பக்கம் விழுந்த வயதானவர்கள் கூடினார்கள். அதில் ஒரு விசித்திரம் இருந்தது. நகரத்து நோயாளரின் தோள் மாதத்துக்கு மாதம் தேறியது. காரைநகர்க்காரருக்கும் தேறியது. அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவுக்காரருக்கு மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. வீட்டில் பயிற்சி செய்யாமல் ஏமாற்றுகிறார்கள் என்று மனோகரி முடிவுகட்டினார். எல்லோரையும் ஏசினார். அதிகமாக ஏச்சு வாங்கியவர் அன்னப்பிள்ளை என்ற நெடுந்தீவுப் பெண்மணி. இடது கை விழுந்தவர்.

"நீங்கள் வீட்டில ஒண்டும் செய்யிறேல்லை. பாருங்கோ, தோள் இன்னும் இறங்கிப்போச்சு."

"செய்யிறன் பிள்ளை. நயினை அம்மாளாணை."

"அம்மாளை ஏன் இதுக்க இழுக்கிறியள்?"

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இருவரும் ஒரே படகுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்னப்பிள்ளைக்கு முன்னால் படகோட்டி தம்பிஐயா நின்று வழக்கம்போலக் கையை நீட்டினார். அன்னப்பிள்ளையின் நல்ல கையில் பை இருந்தது. தம்பிஐயா விழுந்த கையைப் பிடித்து ஒரே இழுவையில் உள்ளே எடுத்தார். அன்னப்பிள்ளை கண்ணை இறுக மூடித் திறந்தார். பிறகு, "நல்லாயிருப்பாய் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மனோகரி கரையில் அப்படியே நின்றுவிட்டார். பாரிசவாதம் வந்த கை, கொழுக்கியில் தொங்கும் பை மாதிரி. தோளைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்துபோய்க் கை தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். அதை இழுத்தால் மூட்டு விலகும், உள்ளே நரம்பு நையும். மாதம் ஒருமுறை கிளினிக்கில் தான் ஏற்றி வைத்ததை, போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் இறங்குதுறை இறக்கி வைத்திருக்கிறது. காரைநகருக்குக் கடலுக்குக் குறுக்கே தாம்போதி இருக்கிறது, பஸ் ஓடுகிறது. மற்றத் தீவுகளுக்குப் படகு. படகிலேயே வளர்ந்தவருக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.

"ஏன் அம்மா எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று படகில் கேட்டார்.

அன்னப்பிள்ளைக்குக் கேள்வி விளங்கவில்லை. "அவன் கையை நீட்டினான். நீட்டின கையைப் பிடிக்காமல் விடலாமே பிள்ளை?"

அதிலிருந்து தொடங்கியதுதான் மனோகரியின் பெயர் வெளியூர்க் கருத்தரங்குகளில் அடிபடக் காரணமான ஆய்வு. அதைவிட அவருக்கு முக்கியமானது பட்டி. பை தைக்கிற கடையில் தடித்த துணியில், முன்னும் பின்னும் கைபிடி வைத்துத் தைப்பித்த இடுப்புப் பட்டி. நோயாளியின் கையைத் தொடாமல் பட்டியைப் பிடித்து ஏற்ற வேண்டும். அதைப் பழக்குவதற்கு அவரே ஒரு காலையில் இறங்குதுறைக்குப் போய்ப் படகோட்டிகளை வரிசையில் நிறுத்தினார். நயினாதீவுக்குப் போக நின்ற சனமும் கூடிவிட்டது.

"மிஸ், ஆக்களின்ர மனிசிமாரை இடுப்பில பிடிச்சு ஏத்தினா என்னைக் கடலுக்க தள்ளுவாங்கள்" என்றார் தம்பிஐயா.

"இடுப்பைப் பிடிக்கச் சொல்லேல்லை. பட்டியைப் பிடியுங்கோ."

"பட்டி எங்க மிஸ் இருக்கு? இடுப்பிலதானே!"

சனம் சிரித்தது. மனோகரியும் சிரித்தார். ஆனால் தம்பிஐயா கெட்டிக்காரர். சில மாதங்களில் அவர் படகில் ஒரு பட்டி எப்போதும் ஆணியில் தொங்கியது. கை விழுந்த ஆள் வந்தால், "விலகுங்கோ, விலகுங்கோ, இது மிஸ்ஸின்ர கேஸ்" என்று சத்தம் போட்டுச் சனத்தை விலக்குவார். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் மனோகரி சொல்லும் முதல் வசனம், "கையைப் பிடித்து இழுக்காதீர்கள்." மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் அதுதான்.

அவருடைய கணவர் கனகசபை நெடுந்தீவை விட்டு அசையாதவர். கணித ஆசிரியர், பிறகு அதிபர். இடமாற்றம் வந்த ஒவ்வொரு முறையும் போராடி ரத்துச் செய்வித்தார். இங்கே வர வேறு வாத்தியார் இல்லை என்பது அவர் நியாயம். நோயாளரை விட்டு வர ஏலாது என்பது மனைவியின் நியாயம். இரண்டும் சரியான நியாயங்கள். அதனால் கல்யாணம் வார இறுதிகளில் நடந்தது. வெள்ளி பின்னேரம் மனோகரி படகில் வருவார், திங்கள் விடியப் போவார். கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் படகு ஓடாவிட்டால் அதுவும் இல்லை. "நான் கட்டினது மனோகரியை இல்லை, தம்பிஐயாவின்ர படகை" என்று கனகசபை கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள் வளர்ந்து நோர்வேக்குப் போய்விட்டார்.

மனோகரி ஓய்வுபெற்றதும் தீவுக்கே வந்துவிடுவது, முன் விறாந்தை அறையில் கிளினிக் போடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். கனகசபை காத்திருக்கவில்லை. பாரிசவாதக்காரர் பிடித்து நடக்க இரண்டு இரும்புக் குழாய்களை அந்த அறையில் சீமெந்து போட்டு நட்டுவிட்டார். மனைவி வந்து பார்த்தபோது உயரம் கூடிப்போயிருந்தது.

"இஞ்சாருங்கோ, இது ஒட்டகத்துக்கோ?"

"நீர் அளவு சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை."

குழாய்களை வெட்டித் திரும்ப நட்டார்.

கனகசபை இடதுகைக்காரர். கரும்பலகையில் இடது கையால்தான் எழுதுவார். எழுத எழுத எழுத்தை அவர் கையே மறைக்கும். பின் வாங்கில் இருக்கும் பையன்கள் "மாஸ்டர், கையை எடுங்கோ" என்று கத்துவார்கள். ஓய்வுபெற்ற பிறகும் பின்னேரங்களில் பள்ளிக்கூடத்தில் இலவச வகுப்பு நடத்தினார். போன வருடம் மாசியில், அப்படி ஒரு வகுப்பில், கேத்திரகணித உருவம் ஒன்றுக்கு நடுவில் சோக்கட்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழும்பவில்லை. பிள்ளைகள் மேசை ஒன்றைக் கவிழ்த்து அதில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கடற்படைப் படகு அக்கரைக்குக் கொண்டுவந்தது.

இடது பக்கம் விழுந்திருந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

யாழ்ப்பாணத்தில் மனோகரி இருந்த வாடகை வீட்டில் அவர் தங்கினார். கல்யாணமான பிறகு இருவரும் ஒரே கூரையின்கீழ் தொடர்ந்து இருந்தது அப்போதுதான். மனைவி பயிற்சி கொடுக்க வந்தபோது கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீர் எனக்கு மனிசி. டொக்டர் மாதிரி வராதையும்."

"நான் டொக்டர் இல்லை. பிசியோ."

"அதைவிட மோசம்."

அதனால் மனோகரியிடம் படித்து இப்போது ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் வினோஜா வந்து பயிற்சி கொடுத்தார். வினோஜா சொன்னால் கனகசபை நல்ல பிள்ளை மாதிரிச் செய்வார். மனோகரி குசினியில் நின்று கதவு நீக்கலால் பார்ப்பார். வினோஜாவின் கை தவறான இடத்தில் பட்டால் கறிச்சட்டியில் அகப்பை தட்டும் சத்தம் கேட்கும். வினோஜா உடனே கையை மாற்றுவார்.

கால் முதலில் வந்தது. ஆனியில் தடியோடு நடந்தார். ஆனால் அவர் காலைப் பற்றிப் பேசவே இல்லை. "நடந்து போய் என்னத்தைச் செய்யிறது? கை வேணும்." என்ன கேட்டாலும் பதில் அதுதான். ஊரில் பிள்ளைகளுக்கு டிசம்பரில் சோதனை. வலது கையால் எழுதிப் பழகுங்கோ என்று வினோஜா சொன்னதற்கு, "பிள்ளை, அது என்ர கை இல்லை, கூட வந்தது" என்றார்.

ஆடியில் பெருவிரல் அசைந்தது. ஆவணியில் இடது கை சோக்கட்டியைப் பிடித்தது. கதிரையில் இருந்தபடி அதைச் சுவரில் வைத்து, நெற்றியெல்லாம் வியர்க்க ஒரு கோடு இழுத்தார். அது பாம்பு போனமாதிரி இருந்தது.

"என்ன அது?" என்றார் மனோகரி.

"நேர்கோடு."

"இதுவோ நேர்?"

"கோடு நேர்தான். உம்மட வீட்டுச் சுவர்தான் கோணல்."

வாடகை வீட்டுச் சுவரை மனோகரி கழுவவில்லை.

கை மேசை மட்டம் வரை வந்தது. அதற்கு மேலே தோள் எழும்பவில்லை. கரும்பலகை மேசை மட்டத்தில் இருப்பதில்லை. கனகசபையும் வினோஜாவும் "கரும்பலகை மட்டம்" என்று சுவரில் ஒரு அடையாளம் வைத்தார்கள். நாளுக்கு நாள் கை அதை நோக்கிப் போனது, நடுங்கியது, விழுந்தது. வரும், கட்டாயம் வரும் என்று மனோகரி நம்பினார். இத்தனை வருட அனுபவத்தில் அவர் சும்மா நம்புகிறவர் அல்ல. விரல் இப்படித் திரும்பி வந்தவர்களுக்குத் தோளும் வந்ததைப் பார்த்திருக்கிறார். ஒன்றே ஒன்றுதான் தேவை. அந்தத் தோளை அதுவரை யாரும் இழுத்துவிடக் கூடாது.

அதனால் சோளகம் ஓயும்வரை ஊருக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். கனகசபை சண்டை பிடித்தார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார், மகளைக் கொண்டு நோர்வேயிலிருந்து பேச வைத்தார். மனோகரி அசையவில்லை. ஐப்பசியில் காற்று விழுந்தது. வாடை தொடங்குவதற்கு முன் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும் சில நாட்கள் வரும். அப்படி ஒரு காலையை மனோகரி தெரிந்தெடுத்தார். தம்பிஐயாவிடம் முதல்நாளே சொல்லி வைத்தார். பட்டியின் கைபிடிகளைத் தானே இழுத்துப் பார்த்தார்.

குறிகட்டுவானில் எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி நடந்தது. தம்பிஐயா சனத்தை விலக்கி, முன் கைபிடியைப் பிடித்து, மாஸ்டரை ஒரு முட்டைக் கூடையை எடுப்பதுபோல உள்ளே எடுத்தார்.

"மாஸ்டர், நான் வாழ்க்கையில ஒழுங்காப் படிச்ச ஒரே பாடம் இதுதான்."

"ஓமோம். நான் படிப்பிச்சது ஒண்டும் ஏறேல்லை. அவ படிப்பிச்சது மட்டும் ஏறியிருக்கு."

"நீங்கள் அடிச்சியள். மிஸ் அடிக்கேல்லை."

"அவ வாயாலயே அடிப்பா. உனக்கு உறைக்கேல்லை."

ஒரு மணித்தியாலக் கடல். கனகசபை வெளியே, காற்றுப் படும் இடத்தில்தான் இருந்தார். தீவின் தட்டையான கோடு தெரிந்தவுடன் தடியை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நெடுந்தீவின் மாவலித்துறையில் சனம் நின்றது. பின்னேர வகுப்புப் பிள்ளைகள், பழைய மாணவர்கள், அவர்களின் பிள்ளைகள், கோயில் தலைவர், காரணம் தெரியாமல் வந்த ஆடு ஒன்று. மனோகரி முதலில் இறங்கிக் கரையில் திரும்பி நின்றார். "ஒருத்தரும் மாஸ்டரின்ர கையைப் பிடிக்கக் கூடாது, விளங்குதே? ஒருத்தரும்!" எல்லோரும் பின்வாங்கினார்கள். கனகசபையின் வலது கை படகின் கம்பியில் இருந்தது. பின்னால் தம்பிஐயா பட்டியின் பின் கைபிடியைப் பிடித்திருந்தார். முன் கைபிடியை எடுக்க மனோகரி காத்து நின்றார். வலது கால் கரைக்கு வந்தது. இனி இடது கால்.

அப்பால் போன பெரிய படகு ஒன்றின் அலை அப்போதுதான் வந்து சேர்ந்தது. கடல் அமைதியாகக் கிடந்ததால் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. படகு சட்டென்று கீழே போனது. கூடவே தம்பிஐயாவும் கீழே போனார். பிடித்தபடி நின்றால் மாஸ்டரைப் படகுக்கும் கரைக்கும் இடையிலான வெடிப்புக்குள் இழுத்துவிடுவோம் என்று கண்டு கையை விட்டார். அது சரியான முடிவு. கம்பி வலது கையிலிருந்து நழுவியது. கனகசபை பின்னால் சரிந்தார்.

அந்தக் கணத்தில் அவருடைய இடது கை எழும்பியது.

பிறந்ததிலிருந்து எந்தத் துறையிலும் எந்தப் படகிலும் அவர் நீட்டிய கை அதுதான். மேசை மட்டத்தைத் தாண்டி, தோள் மட்டத்தைத் தாண்டி, விரல்கள் விரிந்து, நேராக மனைவியின் முகத்துக்கு முன்னால் வந்தது. எட்டு மாதம் வினோஜாவுக்கு வராதது ஒரு நொடியில் வந்தது. மனோகரி அதைக் கண்டார். கண்டவுடன் பிடித்தார்.

முன் கைபிடி அதைவிடக் கிட்ட இருந்தது. அவரே அளவு சொல்லித் தைப்பித்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. நெடுந்தீவில் பிறந்தவர், நீட்டின கையைப் பிடித்தார். கணவரின் உடம்புப் பாரம் முழுவதும் அந்தக் கையில் தொங்கியது. உள்ளே என்னவோ விட்டுக்கொடுத்தது அவருக்கு உள்ளங்கையிலேயே தெரிந்தது. தெரிந்தும் விட ஏலாது. கீழே வெடிப்பில் தண்ணீர் திறந்திருந்தது, படகு திரும்ப மேலே வந்துகொண்டிருந்தது. அடுத்த கணம் பத்துப் பேர் சாரத்திலும் சேர்ட்டிலும் பிடித்து மாஸ்டரைக் கரையில் போட்டார்கள்.

கனகசபை சீமெந்தில் மல்லாந்து கிடந்தார். நோவு இன்னும் அவரை எட்டவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாரும், கை எழும்பினதைக் கண்டனீரே?"

"ஓம்" என்றார் மனோகரி. "கண்டனான்."

அடுத்த படகில் திரும்பக் கொண்டுபோனார்கள். விலகிய மூட்டை வைத்தியர்கள் பொருத்தினார்கள். ஆனால் கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் வேரோடு இழுபட்டிருந்தன. கொழும்பிலும் காட்டினார்கள். விரலின் அசைவும் போனது. சோக்கட்டி பிடித்த விரல். அந்த முடிவை மனோகரிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாவலித்துறையிலேயே அவருக்குத் தெரியும்.

ஊர் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கடல் இழுத்தது" என்றது. "மிஸ் பிடிக்காட்டி மாஸ்டர் இண்டைக்கு இல்லை" என்றது. அதுவும் உண்மைதான். தம்பிஐயா மட்டும் பல நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருநாள் பொறுக்க ஏலாமல், "நான் விட்டிருக்கக் கூடாது மிஸ்" என்றார். "நீங்கள் விட்டது சரி" என்றார் மனோகரி. "ஒழுங்காச் செய்த ஆள் நீங்கள் ஒருத்தர்தான்." தம்பிஐயா அழுதுவிட்டார். அன்னப்பிள்ளை வந்தார். விழுந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது, "நீட்டின கையைப் பிடிக்காமல் விடலாமே பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதல் சொல்லத்தான் வந்திருந்தார்.

புதிய வருட மாணவர்களுக்குத் தோள் பாடம் வந்தது. மனோகரி வழக்கம்போல முதல் வசனத்தைச் சொன்னார். கரும்பலகையில் மூட்டை வரைந்தார். பிறகு ஒரு நோயாளியின் கதையைச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. கை நன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தது, படகால் இறங்கும்போது மனைவி அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிட்டார், அதோடு முடிந்தது என்றார். அவரை அறியாத புதுப் பிள்ளைகள். முன் வாங்கிலிருந்து ஒரு மாணவி அக்கறையோடு கேட்டார்:

"மிஸ், அந்த அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லையா?"

வினோஜா அன்று செய்முறை வகுப்புக்கு உதவியாகப் பின்னால் நின்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லிக் குடுத்தது" என்றார் மனோகரி. "கன வருசமாச் சொல்லிக் குடுத்தது."

பாடத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அந்த மாதமே ஓய்வுக்கு விண்ணப்பித்தார். இன்னும் இரண்டு வருடம் இருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். பிரியாவிடை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தீவுக்குப் போனார்.

முன் விறாந்தை அறையில் குழாய்கள் இரண்டும் இருக்கின்றன. அனலைதீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும்கூட ஆட்கள் வருகிறார்கள், நடக்கிறார்கள், போகிறார்கள். பட்டி தம்பிஐயாவின் படகில் இன்னும் தொங்குகிறது. கனகசபை வகுப்புக்குப் போவதில்லை. பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சந்தேகம் கேட்டால் வாயால் சொல்வார். உருவம் கீற வேண்டிய இடம் வந்தால் நிறுத்திவிட்டு, "மிச்சத்தை நீங்களே யோசியுங்கோ" என்பார்.

விடிய, நோயாளர் வருவதற்கு முன், மனோகரி கணவரைக் கதிரையில் இருத்தி அந்தக் கையை எடுப்பார். இங்கே வினோஜா இல்லை, அதனால் கனகசபை மறுப்பதில்லை. ஒரு கையால் தோளைத் தாங்கி, மறுகையால் முழங்கையைப் பிடித்து, மெதுவாக உயர்த்தி, மெதுவாக இறக்குவார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்குவார். மாணவர்களுக்குக் காட்டிய அதே ஒழுங்கு. கை ஈரத்துணி மாதிரிப் போகும், வரும்.

ஒருநாள் கனகசபை அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"இதால கை வருமே?"

"வராது."

"பிறகேன் செய்யிறீர்?"

"மூட்டு இறுகினா நோகும். நோகாமல் இருக்கத்தான்."

"ஆருக்கு?"

மனோகரி கையை எடுத்து, தோளைத் தாங்கி, கரும்பலகை மட்டம் வரை உயர்த்தினார். கொஞ்ச நேரம் அங்கேயே பிடித்து வைத்திருந்தார்.